நிலுவை நின்றால் நிலம் நிற்குமா? மலைநாட்டின் காணிவரிக் கணக்கு

மலைநாட்டில் காணி பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் காணி கிடைக்குமா என்ற கேள்வியோடு முடிந்துவிடும். கிடைத்த காணி கையில் தங்குமா என்று கேட்பவர் குறைவு. இருநூறு வருடமாக உறுதி ஒன்றைக் கண்ணால் காணாத சமூகத்துக்கு அந்த இரண்டாவது கேள்வி தோன்றாததில் வியப்பில்லை. ஆனால் காணி கைக்கு வரும் நாளிலேயே அதன் மீது வரி எழுதப்படும் நாளும் நெருங்குகிறது. வரி எழுதப்பட்டால் நிலுவை வரலாம். நிலுவை வந்தால் வாரண்டு வரலாம். வாரண்டுக்கு அடுத்த படி ஏலம்.

நானுஓயாவை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவுக்கு இறங்கும் ரயில் நிலையம் என்றுதான் வெளியூரார் இதை அறிவார்கள். நிலத்தோடு உள்ள உறவை வைத்துப் பார்த்தால் இங்கே நான்கு வகை மனிதர்கள் அருகருகே வாழ்கிறார்கள். டவுனில் உறுதிக் காணியில் கடையும் வீடும் வைத்திருப்பவர்கள் முதல் வகை. அரசின் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தோட்டக் கம்பனிகள் இரண்டாவது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தும் ஓர் அங்குலத்துக்கும் உரித்தில்லாதவர்கள் மூன்றாவது. தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று இப்போதுதான் நிலத்தில் கால் வைப்பவர்கள் நான்காவது. வரி இந்த நால்வரையும் நான்கு விதமாகப் பார்க்கிறது.

வரி நிலுவையால் காணி போவது எப்படி, போகாமல் காப்பது எப்படி என்ற கேள்வியை வரலாறு, சட்டம், நடைமுறை என்ற மூன்று பக்கமும் இருந்து பார்க்கிறது இக்கட்டுரை. வரியின் பாரத்தால் மட்டும் நிலம் ஏலத்துக்குப் போவதில்லை. எந்தக் காலத்தில், எந்த முறையில், யார் பெயரில், எந்த மொழியில் அந்த வரி கேட்கப்படுகிறது என்பதில்தான் பாதி விதி எழுதப்படுகிறது. இதை நிறுவ வெளிநாடு போகவேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் பழைய ஏடுகளே போதும்.

கட்டணச் சீட்டின் உள்ளே

இலங்கையில் வீடு, கடை, காணி மீது உள்ளூராட்சி மன்றங்கள் அறவிடுவது மதிப்பீட்டு வரி. வடக்கு கிழக்கில் சோலைவரி என்பார்கள், வேறு இடங்களில் ஆதனவரி என்றும் சொல்வதுண்டு. மாநகர சபைக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகர சபைக்கு 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் இதற்கான அதிகாரத்தைத் தருகின்றன. நுவரெலியா நகருக்கு மாநகர சபை, நானுஓயாவுக்கு நுவரெலியா பிரதேச சபை. பிரதேச சபை எல்லைக்குள் இருக்கும் எல்லா இடத்துக்கும் மதிப்பீட்டு வரி கிடையாது. கட்டடம் பெருகிய பகுதி என்று முறையாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே அது பொருந்தும். பெரிய பயிர்நிலங்களுக்கு ஏக்கர் வரி என்று தனியாக ஒன்று இருக்கிறது.

கணக்கு எளிது. உங்கள் இடத்தை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு ஆண்டுப் பெறுமதி என்று பெயர். அந்தப் பெறுமதியில் சபை தீர்மானித்த வீதம்தான் வரி. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பெறுமதி 40,000 ரூபாய், வரி 6 வீதம் என்றால் வருடத்துக்கு 2,400 ரூபாய், காலாண்டுக்கு 600 ரூபாய். முழுத்தொகையையும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு, அதாவது 240 ரூபாய் மிச்சம். காலாண்டு தோறும் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதக் கழிவு. காலாண்டு முடிந்தும் கட்டாவிட்டால் அது நிலுவை. அதன்மேல் வாரண்டுச் செலவும் ஏறும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. நம் உதாரணத்து வரி இரண்டு நாள் உழைப்புக்கும் குறைவு. அப்படியிருந்தும் நாடு முழுக்கச் சபைகளின் கணக்கில் வரி நிலுவை குவிந்து கிடக்கிறது. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில் வருடம் தவறாமல் வரும் குறை இது. இவ்வளவு சிறிய தொகை ஏன் கட்டப்படாமல் போகிறது?

நிலுவை பெருகும் வழிகள்

வறுமை ஒரு காரணம். அது ஒன்றே காரணம் என்று சொல்வது சோம்பேறித்தனம்.

செத்தவர் பெயரில் வரும் சீட்டுதான் பல இடங்களில் முதல் காரணம். தாத்தா வாங்கிய கடை, தாத்தா பெயரிலேயே வரிமதிப்பீட்டுப் பதிவேட்டில் கிடக்கும். மகன்கள் மூவர், பேரன்கள் எட்டுப்பேர். ஒருவர் கொழும்பில், ஒருவர் டுபாயில், ஒருவர் தமிழ்நாட்டில். சீட்டு வரும்போது, கீழ்க்கடையில் இருப்பவர் “அண்ணன் கட்டியிருப்பார்” என்பார். அண்ணனோ “கடை நடத்துகிறவன் கட்டட்டும்” என்பார். பாகம் பிரியாத காணிக்கு வரி மட்டும் பாகம் பிரிந்து வராது.

வாடகை உடன்படிக்கையில் வரியை யார் கட்டுவது என்று எழுதாமல் விடுவது இன்னொரு காரணம். சொந்தக்காரர் வாடகைக்காரரைப் பார்ப்பார், வாடகைக்காரர் சொந்தக்காரரைப் பார்ப்பார், நிலுவை இருவரையும் பார்க்கும். வாரண்டு வரும் நாளில் கடைக்குள் இருக்கும் சரக்கு யாருடையது என்ற தகராறு எழுந்தால், வாடகைக்காரருக்கே முதல் அடி.

ஆண்டுப் பெறுமதி திடீரென ஏறுவதும் ஆட்களைத் தடுமாற வைக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய மறுமதிப்பீடு பல சபைகளில் நீண்டகாலம் இழுபட்டுக் கிடக்கும். பிறகு ஒருநாள் மதிப்பீட்டுத் திணைக்களம் வந்து அளந்து போகும், வரி பல மடங்காகும். பத்து வருடத்துக்குரிய ஏற்றத்தை ஒரே வருடத்தில் கண்டவர், கோபத்தில் கட்டாமல் விடுவார். கோபத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, எழுத்துமூல ஆட்சேபத்துக்கு இடமுண்டு. அதற்கான நாளோ மதிப்பீட்டு அறிவித்தல் வந்த உடனேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் கடிதம் பெறுவது உரிமை. ஆனாலும் தனிச் சிங்களத்தில் வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, படிக்கத் தெரியாமல், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் இருந்தது ஆட்சேபத்துக்கான கடைசித் தேதியாக இருக்கலாம்.

வலப்பனை வயல்கள் போன கதை

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885 இல். தேயிலைக் காலத்தின் தொடக்கமாக அந்த வருடத்தைக் கொண்டாடுபவர்கள் உண்டு. அதே வருடங்களில் அதே மாவட்டத்தின் வலப்பனை, உடஹேவாஹெட்ட பள்ளத்தாக்குகளில் விவசாயிகளின் வயல்கள் வரி நிலுவைக்காக ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. பிரித்தானிய இலங்கையில் நிலவரி நிலுவையால் நிலம் பறிபோன கதைகளில் மிகவும் பேசப்பட்டது இதுதான்.

நெல்லுக்கு வரி பழைய வழக்கம். விளைச்சலில் ஒரு பங்கு, பொதுவாகப் பத்தில் ஒன்று என்று அறவிடுவார்கள். குத்தகைக்காரர் ஒருவர் அரசுக்குத் தொகை கட்டி வரி தண்டும் உரிமையை ஏலம் எடுப்பார். அவரால் வந்த கொடுமைகள் ஏராளம். ஆனால் அந்த முறையில் ஒரு நெகிழ்வு இருந்தது: விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும். நாற்பது புசல் விளைந்தால் நான்கு, பத்துப் புசல் விளைந்தால் ஒன்று. வெறுங்களத்தில் பத்தில் ஒன்று என்பது வெறுமைதான்.

1878 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தானியவரிக் கட்டளைச் சட்டம் இதைச் சீர்திருத்த வந்தது. குத்தகைக்காரரை ஒழித்து, ஒவ்வொரு வயலுக்கும் மதிப்பீடு செய்து, வரியைக் காசாகக் கட்டவைப்பது அதன் நோக்கம். காகிதத்தில் நல்ல சட்டம். நுவரெலியா மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்த காலம்தான் கெட்ட காலம்.

மலைக் கிராமத்து விவசாயிக்குக் காசு எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து அல்ல. நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கு. காசு வந்தது வீட்டைச் சுற்றி நின்ற கோப்பிச் செடிகளிலிருந்து. கோப்பி என்றதும் வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கிராமத்தவரும் தங்கள் தோட்டங்களில் கோப்பி வளர்த்து, பழத்தை வியாபாரிகளுக்கு விற்றுவந்தார்கள். உப்பு, துணி, வரி எல்லாம் அந்தக் காசில் நடந்தது. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் தோன்றிய கோப்பி இலைநோய் பத்துப் பதினைந்து வருடத்தில் நாட்டின் கோப்பியையே தின்று முடித்தது. தோட்டத்துரைக்குச் சிங்கோனா இருந்தது, பிறகு தேயிலை இருந்தது, கடனுக்கு வங்கி இருந்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனமே விழுந்தபோது அவர்களும் ஆடிப்போனார்கள். கிராமத்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. காசு வரும் வாய்க்கால் வற்றிய அதே வேளையில், வரியைக் காசாகத்தான் கொடு என்றது சட்டம்.

நிலுவை விழுந்தது. நிலுவைக்காக வயல் ஏலம் போனது. வயலின் பெறுமதி என்ன, நிலுவை எவ்வளவு என்ற ஒப்பீடு அங்கே இல்லை. சின்னத் தொகைக்குப் பரம்பரை வயல் கைமாறியது. பலருக்குப் பங்குள்ள வயலில் ஒருவர் தவறினாலும் பாதிப்பு எல்லோருக்கும். 1882 முதல் 1885 வரையிலான வருடங்கள் மிகக் கொடியவை. வயலை இழந்தவர்கள் ஊரைவிட்டு அலைந்தார்கள், பட்டினி கிடந்தார்கள், இறந்தும் போனார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தவர் அரச அதிகாரி ஒருவரே என்பது கவனிக்கத்தக்கது. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த சி. ஜே. ஆர். லெ மெசூரியர், ஏலங்களின் விளைவை விசாரித்து எழுதினார். நுவரெலியா மாவட்டத்தைப் பற்றி 1893 இல் வெளிவந்த கைநூலும் அவருடையதே. கோப்பித் தோட்டக்காரரும் வணிகருமான ஜோர்ஜ் வோல் இவ்வரிக்கு எதிராக ஓயாமல் எழுதினார். இங்கிலாந்தின் கொப்டன் கழகம் இதைக் கையில் எடுத்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் வரியைத் தாங்கிப் பிடித்தார். வரியின் குற்றமல்ல, நடத்திய முறையின் குற்றம் என்ற வாதமும், முறையின் குற்றமல்ல, வரியே குற்றம் என்ற எதிர்வாதமும் பல வருடம் மோதின. கடைசியில் ஆளுநர் ஆர்தர் ஹவ்லொக் காலத்தில், 1892 இல், நெல்வரி நீக்கப்பட்டது. 1893 ஜனவரி முதல் அது இல்லை. போன வயல்கள் போனவைதான்.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. வருமானம் நின்ற காலத்தில் நிலையான காசுத்தொகையைக் கேட்கும் வரி, அளவில் சிறிதானாலும் நிலத்தைத் தின்னும். நிலுவைக்கும் நிலத்தின் பெறுமதிக்கும் தொடர்பில்லாத ஏலம், வரியறவீடு என்ற பெயரில் நடக்கும் பறிப்பு. மூன்றாவது, அறவிடுகிறவரே விளைவைக் கணக்கெடுத்து வெளியில் சொன்னால்தான் சட்டம் மாறுகிறது.

பூட்டி வைத்த பாதுகாப்பு

அரசு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது, ஆனால் வேறொரு கோடிக்குப் போய். 1927 இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் வழியில் 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. விவசாயிக்கு நிலம் கொடு, ஆனால் அவன் அதை இழக்க முடியாதபடி கொடு என்பதே அதன் சாரம். விற்கத் தடை, ஈடு வைக்கத் தடை, கடன் தீர்ப்புக்காகக் கைப்பற்றத் தடை. நிலம் பத்திரமாக இருந்தது. அந்த நிலத்தைக் காட்டிக் கடன் வாங்கவோ, பிள்ளைகளுக்குப் பகிரவோ முடியாமல் விவசாயி இறுகிப்போனான். இழக்கவே முடியாத நிலம் முழுதாகச் சொந்தமில்லாத நிலம். முழுதாகச் சொந்தமான நிலம் இழக்கக்கூடிய நிலம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடுவதுதான் இன்றுவரை காணிச் சட்டத்தின் சிக்கல்.

அந்தப் பூட்டிய பாதுகாப்பும் தோட்டத் தமிழருக்குக் கிடைக்கவில்லை. இலங்கையர் என்ற வரையறைக்கு வெளியே அவர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

வரியும் இல்லை, வாக்கும் இல்லை

1937 ஆம் ஆண்டின் கிராமக் குழுச் சட்டம் தோட்டங்களில் வசித்த இந்தியத் தொழிலாளருக்குக் கிராமக் குழு வாக்குரிமையை மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியது. 1939 இல் நேரு இலங்கை வந்ததும் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்ததும் அந்தக் கொதிப்பின் காலத்தில்தான். 1948 இல் குடியுரிமையே போனது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்தன. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது, லயத்துக்காரர் கைக்கு மட்டும் வரவில்லை.

1987 இன் பிரதேச சபைச் சட்டமும் இதே கோட்டில் நடந்தது. அதன் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாதபடி முட்டுக்கட்டை போட்டது. வாக்குப் போடலாம், தவிசாளரைத் தெரிவு செய்யலாம், ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைச் சபை போட்டுத்தர முடியாது. தோட்டம் தனியார் நிர்வாகம், துரையிடம் கேள் என்பதே பதில். இது 2018 இல் திருத்தப்பட்டது. அதே வருடம் மலையகப் புதிய கிராமங்கள் அதிகார சபைக்கான சட்டமும் நிறைவேறியது. நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று ஆறாகின.

இந்த மாற்றத்தின் மறுபக்கத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை. சபை சேவை செய்யலாம் என்றால், நாளை சபை வரியும் கேட்கலாம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் என்று தனிவீடுகள் எழுகின்றன. பத்து வீடுள்ள வரிசை ஐம்பதாகி, கடைகள் வந்து, பாதை வந்து, விளக்கு வந்த பிறகு, அந்த இடம் கட்டடம் பெருகிய பகுதி ஆகிவிடும். அன்று முதல் மதிப்பீட்டுச் சீட்டு வீட்டுக்கு வரும். அதைத் தடுக்கவேண்டும் என்பதல்ல என் வாதம். குப்பை அள்ள, விளக்குப் போட, வாசிகசாலை நடத்தச் சபைக்குப் பணம் வேண்டும். வரி கட்டுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் தைரியமும் கூடும். முதல் சீட்டு வருவதற்கு முன் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே கவலை.

வெளியே எப்படி?

தமிழ்நாட்டில் சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. முற்றினால் ஜப்தி. நிலவரி நிலுவைக்காக ஜப்தி செய்யும் 1864 ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கேரளமோ 2025 இல், ஒரே குடியிருப்பைக் கடன் ஜப்தியிலிருந்து காக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. ஒருவர் தலைக்கு மேல் இருக்கும் ஒரே கூரையை மற்றச் சொத்துக்களைப் போல் பார்க்கக்கூடாது என்ற எண்ணம் அங்கே சட்ட வடிவம் தேடுகிறது.

அமெரிக்காவில் வரி நிலுவைக்காக வீடு போவது சர்வசாதாரணம். அங்கே மினியாபொலிஸ் நகரில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டிக்கு ஒரு தொடர்மாடி வீடு இருந்தது. வரி நிலுவை ஏறத்தாழ 2,300 டொலர். தண்டமும் வட்டியும் செலவும் சேர்ந்து 15,000 டொலர் ஆனது. ஹெனப்பின் மாவட்ட நிர்வாகம் வீட்டை எடுத்து 40,000 டொலருக்கு விற்றது. மிஞ்சிய 25,000 டொலரையும் தானே வைத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மே 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: வரிக்கு உரியதை எடுக்கலாம், மிச்சத்தை எடுக்க அரசுக்கு உரிமையில்லை. தீர்ப்பு வந்தபோது டைலருக்கு வயது 94. வலப்பனை விவசாயிக்குச் சொல்ல ஆளில்லாத அதே நியாயம் இது.

வரி ஏலத்தையும் வங்கி ஏலத்தையும் குழப்பிக்கொள்வோரும் உண்டு. நம் பத்திரிகைகளில் பராட்டே என்று அடிபடுவது வங்கியின் அதிகாரம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலம் விடலாம். பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு சிறு தொழில்கள் மூழ்கியபோது 2024 இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. சபை வரிக்கு அப்படியொரு ஒத்திவைப்பு தானாக வராது. வங்கியோடு பேசி முடித்துவிட்டு, சபை நிலுவையை மறந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

காணியைக் கையில் வைத்திருக்க

பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரியவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்தின் பதிவுச்சாறு ஆகியவற்றோடு சபைக்குப் போய்ப் பெயர் மாற்றக் கேளுங்கள். உறுதி மாற்றும் வேலை முடியாமல் இருந்தாலும், சீட்டு எந்த முகவரிக்கு வரவேண்டும் என்றாவது எழுதிக் கொடுங்கள். வரி கட்டிய பற்றுச்சீட்டு மட்டும் ஒருவரைச் சொந்தக்காரர் ஆக்காது. ஆனால் 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி பத்து வருட ஆட்சியைக் காட்டவேண்டிய வழக்குகளிலும் பாகப்பிரிவினை வழக்குகளிலும் அந்தச் சீட்டுகள் நல்ல சாட்சி. பழைய பற்றுச்சீட்டை அடுப்பில் போடாதீர்கள்.

நிலுவை இருந்தால் மொத்தத் தொகையைக் கேட்டுப் பயந்து திரும்பி வரக்கூடாது. வருடவாரியாக, காலாண்டுவாரியாக, வரி வேறு வாரண்டுச் செலவு வேறு என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிப் பிரித்துப் பார்க்கும்போதுதான் ஏற்கெனவே கட்டியது பதியப்படாமல் போனதும், பக்கத்து இலக்கத்தின் வரி உங்கள் தலையில் விழுந்ததும் தெரியவரும். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்.

ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் தவிசாளருக்கும் செயலாளருக்கும் தவணை கேட்டுக் கடிதம் கொடுங்கள். கையோடு முதல் தவணையையும் கட்டுங்கள். வெறும் கையோடு வரும் கடிதத்தைவிடக் கொஞ்சப் பணத்தோடு வரும் கடிதத்துக்கு மரியாதை அதிகம். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கட்டும் பணம் எந்தக் காலாண்டுக்கு வரவு வைக்கப்படுகிறது என்று பற்றுச்சீட்டில் எழுதியிருக்கிறதா என்று கவுண்டரில் நின்றே பாருங்கள்.

ஆண்டுப் பெறுமதி கூடிவிட்டது என்று தோன்றினால், அறிவித்தலில் குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். அதே தெருவில் அதே அளவுக் கடையின் வாடகையை ஒப்பிட்டுக் காட்டுவது நல்ல வாதம். மண்சரிவில் பாதி வீடு போயிருந்தால் அதையும் படத்தோடு எழுதுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிய பிறகு, பழைய பெறுமதியில் நிற்காத வீடுகள் ஏராளம். வாரண்டு வந்த பிறகு பெறுமதியைப் பற்றி வாதாடுவது, ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பதுதான்.

வாரண்டோடு ஆள் வந்தால் கதவை அடைக்க வேண்டாம், சண்டை பிடிக்கவும் வேண்டாம். அடையாள அட்டையைப் பாருங்கள், வாரண்டைக் கேட்டு வாங்கி இலக்கத்தையும் தொகையையும் வாசியுங்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் காசு கொடுக்காதீர்கள். கைப்பற்றல் பொதுவாக அசையும் பொருளில்தான் தொடங்கும். விற்பனைக்கு முன் தொகையைக் கட்டி மீட்க இடமுண்டு. காணி வரைக்கும் போகும் நிலை வந்தால் அன்றே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

பங்காளிகள் ஒத்துவராவிட்டால் ஒருவராவது முழுவதையும் கட்டி, மற்றவர்களிடம் பிறகு கணக்குக் கேட்கலாம். காணி போன பிறகு கேட்பதற்குக் கணக்கும் இருக்காது. புதிதாகக் காணி வாங்குகிறவர்கள் வீதிக்கோட்டுச் சான்றிதழோடு உரித்தாகாமைச் சான்றிதழையும் கேட்டு வாங்கவேண்டும். அந்தக் காணி சபைக்கு உரித்தாகவில்லை என்று சொல்வது அதுதான். வரி நிலுவை இல்லை என்பதையும் நொத்தாரிசு கையெழுத்துக்கு முன்னே பார்க்கவேண்டும், விற்றவரின் கடன் வாங்கியவர் தலையில் விடியாமல் இருக்க.

சட்டம் செய்யவேண்டியது

இதுவரை சொன்னது தனிமனிதர் செய்யவேண்டியது. அது மட்டும் போதாது என்பதற்கு வலப்பனை சாட்சி. அங்கே விவசாயி அலட்சியத்தால் வயலை இழக்கவில்லை.

சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 இல் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, சொத்தின் மீது வரி என்ற பேச்சு கொழும்பில் அடிக்கடி எழுகிறது. எந்தப் பெயரில் வந்தாலும் கடைசியில் அது ஒரு கதவு இலக்கத்தின் மீது எழுதப்படும் தொகையாகத்தான் வரும். மலைநாட்டில் முதல் தலைமுறைக் காணிக்காரர்கள் உருவாகும் இந்தக் கட்டத்தில், அவர்களை அந்தப் பதிவேட்டில் ஏற்றுமுன் நான்கு விதிகள் எழுதப்பட வேண்டும்.

மதிப்பீட்டு அறிவித்தலும் வாரண்டும் பெறுகிறவரின் மொழியில் இல்லாவிட்டால் செல்லாது என்று ஆகவேண்டும். இருமொழிப் பிரிவில் இது புதிய சலுகையல்ல, இருக்கும் உரிமைக்குப் பல் வைப்பது. வெள்ளம், மண்சரிவு, வேலைநிறுத்தம் என்று வருமானம் நின்ற காலத்துக்குத் தவணை தானாகத் தள்ளிப்போக வேண்டும். 1878 இன் சட்டம் செய்யத் தவறியது அதைத்தான். மூன்றாவதாக, ஒரு குடும்பத்தின் ஒரே குடியிருப்பை வரிக்காக விற்பதற்கு முன் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், விற்றால் நிலுவை போக மிச்சம் முழுவதும் உடனே சொந்தக்காரர் கைக்குப் போகவேண்டும். கடைசியாக, எத்தனை வாரண்டு, எத்தனை கைப்பற்றல், எத்தனை விற்பனை என்று ஒவ்வொரு சபையும் வருடாவருடம் தன் அறிவித்தல் பலகையில் போடவேண்டும். லெ மெசூரியர் தனியாகச் செய்ததை அலுவலக வழக்கமாக்குவதுதான் இது.

இந்த நான்கில் கடைசியானதற்குப் பாராளுமன்றம் வரை போகவேண்டியதில்லை. சபையில் ஓர் உறுப்பினர் எழுந்து பிரேரணை கொண்டுவந்தால் போதும். நுவரெலியா, கொட்டகலை, நோர்வூட் சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் லயத்துப் பிள்ளைகள். வீட்டுக்கு முதல் சீட்டு வருமுன் அந்தப் பிரேரணை வரவேண்டும் என்று அவர்களிடம் கேட்பது, வாக்குப் போட்டவர்களின் வேலை.